அடுப்படியும் அஞ்சடியும்: தம்போய் வட்டாரத் தமிழர்களின் சாப்பாட்டுக் கதை

"பசியாறியாச்சா?"

மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரைக் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி இது. பசியாறுதல் என்ற நல்ல தமிழ்ச் சொல் இந்த நாட்டில் காலை உணவுக்கே உரிய பெயராக நிலைத்துவிட்டது. "ஆச்சு" என்று பதில் வந்தால், அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "வீட்டிலா, கடையிலா?"

சாதாரணமாகக் கேட்கப்படும் இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு எது, வெளிச் சாப்பாடு எது, இவற்றில் எது பெருமை, எது கட்டாயம் என்பதெல்லாம் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கின்றன. ஜொகூர் பாருவின் புறநகரான தம்போய் வட்டாரத்தில் அந்த மாற்றங்களைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. இங்கே காடு ரப்பர்த் தோட்டமானது. தோட்டம் தொழிற்பேட்டைக்கும் தாமானுக்கும் இடம்விட்டது. தாமானின் முகப்பில் வரிசையாக உணவுக் கடைகள் வந்து நின்றன.

தம்போய் என்பதே ஒரு பழத்தின் பெயர். தடித்த தோலுக்குள் இனிப்பும் புளிப்பும் கலந்த சுளைகள் கொண்ட காட்டுப் பழம் அது. சாப்பாட்டின் கதையைத் தொடங்குவதற்குப் பொருத்தமான ஊர்தான்.

தனி ஆட்களின் காலம்

தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் 1855இல் இஸ்கந்தர் புத்ரி என்ற பெயரில் நிறுவிய குடியிருப்பு, 1866இல் ஜொகூர் பாரு என்று பெயர் மாற்றம் கண்டது. அப்போது ஜொகூரின் செல்வம் கம்பீரும் மிளகும்தான். சீனக் குடியேறிகள் கங்சு முறையின் கீழ் ஆற்றங்கரைகளில் அவற்றைப் பயிரிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. ஜொகூர் ரயில் பாதை 1909இல் நிறைவடைந்தது. கங்சு முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தமிழகக் கிராமங்களுக்குப் போய் ஆள் திரட்டி வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்போது மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஏறத்தாழ முந்நூறு இந்தியப் பெண்களே இருந்தார்கள். 1931இல்கூட அந்த எண்ணிக்கை ஐந்நூறை எட்டவில்லை. இந்தக் கணக்கை மக்கள்தொகை நிபுணர்கள் பலவிதமாக விளக்குவார்கள். சாப்பாட்டின் கண்ணோடு பார்த்தால் அதற்கு ஒரே பொருள்தான்: சமைத்துப் போட வீட்டில் ஆள் இல்லாத ஆண்கள் பல்லாயிரம் பேர் இந்த மண்ணில் இருந்தார்கள்.

தோட்டத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே பானையில் பொங்கித் தின்றார்கள். பட்டணத்தில் துறைமுகம், ரயில்வே, சாலை வேலை என்று இருந்தவர்கள் கடையை நம்பினார்கள். அந்தத் தேவைதான் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியச் சாப்பாட்டுக் கடைகளை உருவாக்கியது. தமிழ் முஸ்லிம்களும் மலையாள முஸ்லிம்களும் கடை வீடுகளின் அஞ்சடியில் அடுப்பைப் போட்டார்கள். கூடையையும் தலைச்சுமையையும் கொண்டே வியாபாரம் நடத்தியவர்களும் உண்டு. மரக்கறி உண்பவர்களுக்காகச் சைவ உணவகங்கள் எழுந்தன. சிங்கப்பூர் சிலிகி சாலையில் 1924இல் தொடங்கிய ஆனந்த பவன், சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் ஆகியவை இன்றும் அந்த வரலாற்றின் சாட்சிகளாக நிற்கின்றன.

ஆகவே, இன்று வெளியே சாப்பிடுவது வசதியின் அடையாளமாகத் தோன்றினாலும், தொடக்கத்தில் அது தனிமையின் அடையாளமாகவே இருந்தது. ஊரில் குடும்பத்தை விட்டு வந்தவன் கடையில் சாப்பிட்டான். மனைவி மக்களை அழைத்துக்கொண்டவன் வீட்டில் சாப்பிட்டான். வீட்டுச் சோறு அன்றைக்கு ஒரு மனிதனின் உயர்வைக் காட்டியது.

லயத்து அடுப்பு

பெண்கள் வரத் தொடங்கியதும் தோட்டத்து லயன் வீடுகளில் அடுப்புகள் பெருகின. அந்த அடுப்பு பற்றவைக்கப்பட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடிவது விடியலுக்கு முந்திய குளிர்ந்த நேரத்தில்தான். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனால் பெரட்டு என்று சொல்லப்பட்ட ஆள்கணக்கு இருட்டிலேயே எடுக்கப்பட்டது. பெரட்டுக்கு முன்னால் சமையல் முடிய வேண்டும். ஆகவே அதிகாலை நான்கு மணிக்கெல்லாம் லயத்தில் விறகுப் புகை எழுந்தது.

அந்த அடுப்பை மூட்டிய பெண்ணே பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டவும் போனாள். திரும்பி வந்து மத்தியானச் சமையலையும் பார்த்தாள். தோட்டத்துச் சாப்பாட்டின் ருசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரட்டைச் சுமையைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆணுக்குக் கொடுத்த கூலியைவிடப் பெண்ணுக்குக் குறைவான கூலி கொடுக்கப்பட்ட காலம் அது. அடுப்படி வேலைக்கோ கூலியே கிடையாது.

என்ன சமைத்தார்கள்? தமிழகத்துக் கிராமத்தில் பலருக்கு நெற்சோறு நாள் கிழமைக்கு மட்டுமே. கேழ்வரகும் கம்பும் சோளமும்தான் அன்றாட உணவு. மலாயாத் தோட்டத்தில் அந்த நிலை மாறியது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி கப்பலில் வந்து இறங்கியது. நம்மவர்கள் விரும்பியது புழுங்கலரிசி. அதோடு பருப்பு, புளி, மிளகாய், கருவாடு, நெத்திலி. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் கீரைப் பாத்தியும் இருந்தன. இடம் கிடைத்தவர்கள் கோழியும் ஆடும் வளர்த்தார்கள். காலையில் பழைய சோறு அல்லது ரொட்டி, கருப்புக் கோப்பி. தோசையும் இட்லியும் ஆட்டுக்கல்லின் உழைப்பைக் கேட்பவை. அவை ஓய்வு நாளுக்கும் திருநாளுக்கும் ஒதுக்கப்பட்டன.

கப்பல் அரிசியை நம்பியிருந்ததில் ஓர் ஆபத்தும் இருந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919இல், அரிசி விளையும் நாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது மலாயா திண்டாடியது. ரப்பர் கொழிக்கும் நாட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வரும் என்பதை அந்த நெருக்கடி உணர்த்தியது. அதைவிடக் கொடிய பாடம் பின்னால் காத்திருந்தது.

மரவள்ளிக் காலம்

தம்போயின் பெயரை வெளியுலகம் அறிய வைத்தவற்றுள் ஒன்று அங்கே 1937இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை. இன்று பெர்மாய் மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுதான். 1941 நவம்பரில் ஆஸ்திரேலியப் படையின் 13ஆவது பொது மருத்துவமனை அந்தக் கட்டடங்களில் வந்து தங்கியது. ஜப்பானியப் படை தெற்கு நோக்கி இறங்கியதும் 1942 ஜனவரியில் அது சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. ஜனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. இரண்டே வாரத்தில் சிங்கப்பூர் சரணடைந்தது.

அதோடு அரிசிக் கப்பல்களும் நின்றுபோயின. ரப்பரை வாங்க ஆளில்லை. பங்கீட்டு அரிசி மாதத்துக்கு மாதம் சுருங்கியது. ஜப்பானியர் அச்சடித்த பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் படமாக இருந்தது. போர் முடிவதற்குள் மதிப்பிழந்துபோன அந்தத் தாளை மக்கள் வாழைமர நோட்டு என்றே அழைத்தார்கள்.

அப்போது வீட்டுக்கு வீடு மரவள்ளி நடப்பட்டது. கிழங்கை அவித்தார்கள், சீவிக் காயவைத்து மாவாக்கினார்கள், அந்த மாவில் ரொட்டி தட்டினார்கள், இலையையும் சமைத்தார்கள். சர்க்கரைவள்ளியும் கேழ்வரகும் துணைக்கு வந்தன. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போட அனுப்பப்பட்டார்கள். 1942க்கும் 1943க்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதை மரண ரயில் என்று பெயர் பெற்றது. போனவர்களில் பெருந்தொகையினர் பசியிலும் நோயிலும் மாண்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்குக் கிழங்கே கதியாயிற்று. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த சிலர் கடைசிவரை மரவள்ளியைத் தொடமாட்டார்கள். வேறு சிலரோ அதை நன்றியோடு தின்பார்கள். ஒரே கிழங்கு, இரண்டு வகை நினைவு.

போர் முடிந்தும் அடுப்படிக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. 1948இல் அவசரகாலம் பிரகடனமானது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகாமல் தடுப்பதற்காகக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. கடையில் விற்கும் டின் உணவைத் துளையிட்டே கொடுத்தார்கள். நாட்டின் சில பகுதிகளில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே தடை. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோற்றை வரிசையில் நின்று வாங்கிப் போக வேண்டும். வெந்த சோறு சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குக் கடத்த முடியாது என்பதே காரணம். சொந்த அடுப்பில் சொந்தப் பானையில் சோறு வைப்பதும் ஓர் உரிமை என்பதை அந்த வரிசைகள் காட்டின. அவசரகாலம் 1960இல்தான் முடிவுக்கு வந்தது.

சம்பள நாள் பயணம்

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிச் சாப்பாட்டின் பொருள் மாறியது. முன்பு தனி ஆளின் கட்டாயமாக இருந்தது, இப்போது குடும்பத்தின் கொண்டாட்டமாயிற்று. சம்பளம் போட்ட வாரக் கடைசியில் தோட்டத்துக் குடும்பங்கள் பஸ் ஏறிப் பட்டணம் வந்தன. ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் பகுதியில் 1911இல் உருவான அருள்மிகு ராஜமாரியம்மன் ஆலயத்தில் சாமி கும்பிடுவது, துணிமணி வாங்குவது, தமிழ்ப் படம் பார்ப்பது, பிறகு ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய திருவிழா.

கடையில் அவர்கள் விரும்பியது எதை? வீட்டில் செய்ய முடியாததை. ரொட்டி சானாய் அப்படிப்பட்டது. மாவைப் பிசைந்து, எண்ணெயில் ஊறவைத்து, காற்றில் வீசி விரித்து, மடித்துக் கல்லில் போடும் அந்த வித்தை எல்லாருக்கும் கைவராது. சானாய் என்ற பெயர் சென்னையைக் குறிப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். மாவை மெல்லியதாகத் தேய்ப்பதைக் குறிக்கும் மலாய்ச் சொல் அது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். பாலத்துக்கு அப்பால் அதே பண்டம் ரொட்டி பிராட்டா. தமிழ்நாட்டில் பரோட்டா. அங்கே சால்னா, இங்கே பருப்புக் குழம்பு.

தேத்தண்ணீரும் அப்படித்தான். வெப்ப நாட்டில் பசும்பால் சீக்கிரம் கெடும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்துக் கடைக்காரருக்கு டின்னில் அடைத்த கெட்டிப் பால் கைகொடுத்தது. தேயிலைத் தூளின் கடுமையான சாற்றில் கெட்டிப் பாலை ஊற்றி, இரண்டு குவளைகளுக்கு இடையே இழுத்து இழுத்து ஆற்றினார்கள். பாலும் சாயமும் கலந்து நுரை பொங்கியது. தே தாரிக் என்ற பெயருக்கு இழுத்த தேநீர் என்றே பொருள்.

1923இல் ரயில் ஓடத் தொடங்கி, 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம் சாப்பாட்டுக்கும் பாலமாக இருந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாகும்வரை அக்கரை இக்கரை என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. தேக்கா பகுதியில் சாமான் வாங்கி, அங்கேயே இலை போட்டுச் சாப்பிட்டுத் திரும்புவது ஜொகூர்த் தமிழர்களுக்குப் பக்கத்து ஊர்ப் பயணம் போலத்தான். பிறகு கடப்பிதழ் வந்தது. நாணய மதிப்பும் விலகியது. பயணத்தின் திசை மெல்ல மாறியது. இன்று சாப்பாட்டுக்காகப் பாலம் கடந்து இந்தப் பக்கம் வருகிறவர்களே அதிகம்.

கடையும் வீடும் கொடுக்கல் வாங்கல்

வீட்டுச் சமையலையும் கடைச் சமையலையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொண்டவை.

மீன்தலைக் கறி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949இல் சிங்கப்பூர் சோபியா சாலையில் நடத்திய கடையில் இதைச் சமைத்துப் பரிமாறினார் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. தென்னிந்திய மசாலா, சீன வாடிக்கையாளர்கள் விரும்பிய மீன்தலை, இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தன. இன்று ஜொகூர் பாருவில் சீனர் நடத்தும் கடைகளிலும் மீன்தலைக் கறிக்கு வரிசை நிற்கிறது. அந்தக் கறியை எந்த இனத்தவருடையது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

பட்டணத்து ரொட்டிக் கடைகளும் அப்படித்தான். ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ, ஜாலான் டோபியில் இந்திய முஸ்லிம் குடும்பம் 1937இல் தொடங்கிய சலாஹுடின் ஆகிய இரண்டும் விறகு அடுப்பில் ரொட்டி சுட்டுப் பெயர் வாங்கியவை. சீனர் சுட்ட வாழைப்பழக் கேக்கும், இந்திய முஸ்லிம் சுட்ட கறி பஃபும் எல்லா இனத்தார் வீட்டுத் தேநீர் வேளையிலும் இடம்பிடித்தன.

வீட்டு அடுப்படியிலும் இதே கலப்பு நடந்தது. தம்போய்த் தமிழ்க் குடும்பத்தின் ஒரு வாரச் சமையலைப் பட்டியலிட்டால் சாம்பாரும் ரசமும் இருக்கும். கூடவே நெத்திலிச் சம்பாலும் இருக்கும், கிச்சாப் கோழியும் இருக்கும். மழை நாளில் டின் சார்டினைப் புளி ஊற்றிக் குழம்பு வைப்பார்கள். மீகூனைக் கடுகு, கறிவேப்பிலை போட்டுத் தாளித்துப் பிரட்டுவார்கள். நெய்ச்சோற்றில் பாண்டான் இலை மணக்கும். இடியாப்பம் மலாய்க்காரரிடம் புத்து மாயாமாகிப் பனைவெல்லத்தோடும் தேங்காய்ப்பூவோடும் தெருவில் போனது. தமிழகத்திலிருந்து வரும் உறவினர் இந்தச் சாப்பாட்டைப் பார்த்து வியப்பார்கள். இங்குள்ளவர்களுக்கோ இதுதான் அம்மா கைச் சமையல்.

2024 டிசம்பரில் மலேசியாவின் பசியாறும் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகிய மூன்றும் அந்தப் பெருமையில் இடம்பெற்றன. மூன்றில் இரண்டு, தனி ஆட்களுக்காக அஞ்சடியில் அடுப்புப் போட்ட தென்னிந்தியக் கடைக்காரர்கள் வளர்த்தெடுத்தவை. தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அஞ்சடியிலும் உழைத்தவர்களுக்கு உலகம் காலம் தாழ்த்தித் தந்த மரியாதை அது.

தோட்டம் தாமானான கதை

1970களில் தொடங்கி தம்போய், லார்க்கின் வட்டாரங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. மின்னணுச் சாதனத் தொழிற்சாலைகளுக்கு இளம் பெண்கள் பெருமளவில் தேவைப்பட்டார்கள். தோட்டத்துப் பெண் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போனார்கள். கையில் மாதச் சம்பளம் வந்தது. அவர்கள் ஆட்டுக்கல்லின் முன் உட்காரும் நேரம் குறைந்தது. பிளெண்டர் வந்தது. வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்த மிளகாய்த்தூளின் இடத்தில் பாக்கெட் மசாலா வந்தது.

மறுபுறம் ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. ஸ்கூடாயில் 1985இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்தது. தம்போயில் 1990களில் பிளாசா அங்சானா வந்தது. தோட்டத்து மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் பெயர்ந்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த முருங்கை மரம் அடுக்கு வீட்டுக்கு வர முடியவில்லை. கோழிக்கூடும் வரவில்லை. முன்பு பறித்துப் போட்டதை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. தோட்டம் மூடியதால் ஏற்பட்ட இழப்பைப் பற்றிப் பேசும்போது வீட்டையும் வேலையையும் மட்டுமே கணக்கிடுகிறோம். கொல்லைப்புறத்து விளைச்சலும் அதில் சேர வேண்டும்.

மவுண்ட் ஆஸ்டினைப் பாருங்கள். ஒரு காலத்தில் புகழ்பெற்ற ரப்பர்த் தோட்டம் அது. இன்று ஜொகூர் பாருவிலேயே உணவகங்கள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் ஒன்று. தாத்தா பால் வெட்டிய மண்ணில் பேரப்பிள்ளைகள் கார் நிறுத்த இடம் தேடி, இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

சிங்கப்பூர் வேலை இன்னொரு பெரிய மாற்றம். தம்போயிலும் சுற்று வட்டாரத் தாமான்களிலும் அதிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் கிளம்புகின்றன. பாலத்து நெரிசலுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். நூறாண்டுக்கு முன் பால்மரத்துக்காக அடுப்பு மூட்டப்பட்ட அதே நேரம். ஆனால் இப்போது அந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. இருபத்து நான்கு மணி நேரக் கடையில் ஒரு ரொட்டி, ஒரு தே தாரிக். மத்தியானம் சிங்கப்பூர் அங்காடிக் கடையில். இரவு திரும்பும்போது பொட்டலம். மூன்று வேளையும் வெளியில்.

இது தம்போயின் கதை மட்டுமல்ல. அரசின் 2019ஆம் ஆண்டுக் குடும்பச் செலவு ஆய்வில், மலேசியக் குடும்பம் நூறு வெள்ளி செலவழித்தால் வீட்டு உணவுப் பொருளுக்குச் சுமார் 17 வெள்ளியும், உணவகம், தங்கும் விடுதி என்ற பிரிவுக்குச் சுமார் 14 வெள்ளியும் போயின. 2022ஆம் ஆண்டு ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய 16 என்ற அளவில் சமமாகிவிட்டன. அடுப்படியும் அஞ்சடியும் ஒரே எடைக்கு வந்து நிற்கின்றன.

யார் சமைப்பது?

இந்த இடத்தில்தான் உண்மையான கேள்வி எழுகிறது. வீட்டில் சமைப்பவர் குறைந்தால் கடை இருக்கிறது என்று நினைக்கிறோம். கடையில் சமைப்பவர் யார்?

2018 ஜூன் மாதம், அப்போதைய மனிதவள அமைச்சர் மு. குலசேகரன், 2019 ஜனவரி முதல் உணவகங்களில் உள்ளூர்க்காரர்கள் மட்டுமே சமையல்காரர்களாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார். உணவகத் துறையில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை என்று கடைக்காரர்கள் முறையிட்டார்கள். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்த விவாதம் ஓர் உண்மையை வெளியே கொண்டுவந்தது. இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சமையல் முறையைச் சமைக்க, இந்த நாட்டுப் பிள்ளைகள் முன்வரவில்லை. அடுப்பின் சூடும் நீண்ட நேர வேலையும் குறைந்த சம்பளமும் அவர்களை விரட்டுகின்றன. கடைக்காரரின் மகன் பட்டதாரியாகிறான். அது நல்ல செய்திதான். கல்லாப்பெட்டியோடு கைப்பக்குவத்தையும் யாரிடம் ஒப்படைப்பது என்பதுதான் தெரியவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது இந்தக் கேள்வி வீடு தேடி வந்தது. கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. ஜொகூர் பாலம் வெறிச்சோடியது. அக்கரையில் வேலை பார்த்தவர்கள் அங்கேயே தங்கினார்கள், குடும்பம் இக்கரையில். 2022 ஏப்ரல் முதல் நாள் எல்லை முழுமையாகத் திறக்கும்வரை பலர் கைப்பேசித் திரையில்தான் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தார்கள். தாயிடம் திரையிலேயே கேட்டுக் கேட்டு முதன்முறையாக ரசம் வைத்த ஆண்கள் உண்டு. இக்கரையில் வேலை இழந்த பெண்கள் தோசை மாவும் பிரியாணியும் செய்து தாமானுக்குள்ளேயே விற்றார்கள். ஒருவரின் வீட்டுச் சமையல் இன்னொருவரின் கடைச் சாப்பாடாயிற்று.

உடல்நலமும் சேர்ந்து பேச வேண்டிய ஒன்று. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31 விழுக்காட்டைத் தாண்டியது, மற்ற இனங்களைவிட அதிகம். கெட்டிப் பாலின் எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் சர்க்கரைதான். முன்பு சம்பள நாளில் மட்டும் குடித்த தே தாரிக் இன்று நாளுக்கு மூன்று முறையாகிவிட்டது. பழைய தோட்டத்துச் சாப்பாடு எல்லாமே ஆரோக்கியம் என்று சொல்லிவிட முடியாது. அதில் பற்றாக்குறை இருந்தது, கருவாட்டு உப்பும் இருந்தது. ஆனால் கேழ்வரகும் கீரையும் முருங்கையும் இருந்தன, மைல் கணக்கில் நடக்கும் வேலையும் இருந்தது. வேலை போய்விட்டது, சோற்றின் அளவு அப்படியே நிற்கிறது.

இரண்டு அடுப்பும் எரிய வேண்டும்

"அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் வீட்டிலேயே சமைத்தார்கள்" என்று பெருமூச்சு விடுவது எளிது. நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பால் வெட்டப் போன பெண்ணிடம் அந்தப் பெருமூச்சைச் சொன்னால் அவள் சிரிப்பாள். வேலைக்குப் போகும் இன்றைய பெண்ணின் தலையில் மறுபடியும் அந்த இரட்டைச் சுமையை ஏற்றிவிட்டு, அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் சூட்டுவது நியாயமாகாது. வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்றால் வீட்டில் உள்ள எல்லாரும் சமைக்கத்தான் வேண்டும். ஆண் பிள்ளைக்கும் அரிசி களையத் தெரிய வேண்டும். மலாயாவுக்கு முதலில் வந்த ஆண்கள் தாங்களே பொங்கித் தின்றவர்கள்தானே? அவர்களின் பேரன்களால் முடியாதா?

கடைச் சமையலுக்கும் அதே மதிப்பைக் கொடுக்க வேண்டும். ரொட்டி வீசுவது கைத்தொழில். அதைக் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு நல்ல சம்பளமும் ஓய்வு நாளும் மரியாதையும் கிடைத்தால், உள்ளூர்ப் பிள்ளைகளும் அடுப்பின் முன் நிற்பார்கள். யுனெஸ்கோ பட்டியலில் பெயர் ஏறுவதால் மட்டும் ஒரு கலை பிழைத்துவிடாது.

இன்னொன்றும் செய்யலாம். இதற்குச் செலவு கிடையாது. வீட்டில் வயதான பாட்டி இருந்தால், மரவள்ளி மாவில் ரொட்டி எப்படித் தட்டினார்கள், சார்டின் குழம்புக்கு எவ்வளவு புளி கரைத்தார்கள், லயத்தில் தீபாவளிக்கு முறுக்கு எப்படிச் சுட்டார்கள் என்று கேட்டு எழுதி வைக்கலாம். அளவு கேட்டால் "கண்ணால பார்த்துப் போடணும்" என்பார்கள். பக்கத்தில் நின்று பார்த்துத்தான் எழுத வேண்டும். தோட்டத்து வரலாற்றில் கணக்குப் புத்தகங்கள் மிஞ்சியிருக்கின்றன. கங்காணியின் பதிவுகளும் துரைமார்களின் அறிக்கைகளும் மிஞ்சியிருக்கின்றன. அந்த அடுப்பை மூட்டிய பெண்ணின் கைப்பக்குவம் எந்த ஏட்டிலும் இல்லை. அது இன்னும் சில பாட்டிமார்களின் கைகளில் மட்டுமே இருக்கிறது.

ஜொகூரில் 2014 முதல் வெள்ளி, சனியாக இருந்த வார விடுமுறை, 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறியது. பாலத்துக்கு இருபுறமும் பிரிந்து வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரே நாளில் ஓய்வு கிடைக்கிறது. அந்த இரண்டு நாளில் ஒரு வேளை கடையில் இலை போட்டுச் சாப்பிடட்டும். ஒரு வேளை எல்லாருமாகச் சேர்ந்து வீட்டில் சமைக்கட்டும். திங்கட்கிழமை காலை யாராவது "பசியாறியாச்சா, வீட்டிலா கடையிலா?" என்று கேட்டால், இரண்டுக்கும் மனநிறைவோடு பதில் சொல்ல முடிய வேண்டும்.